பொந்தெங் போனவர்களின் டோக்கன்கள்

டைம் கீப்பர் என்றால் நேரத்தைக் காப்பவர் என்றொரு நம்பிக்கை உலகெங்கும் பரவியிருக்கிறது. இது முழுத் தவறு. இதை இனியும் திருத்தாமல் விடுவது வருங்காலத் தலைமுறைக்குச் செய்யும் துரோகம். நேரம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். அதற்குச் சம்பளத்துக்கு ஆள் வேண்டியதில்லை. டைம் கீப்பர் காப்பது வராதவர்களை. வந்தவர்கள் மேஸ்திரியின் பாடு, வராதவர்கள் என் பாடு.

எண்பதுகளில் தருமபுரிக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவே ஒரு நூல் மில்லில் அந்தப் பாட்டைப் பட்டேன். டைம் ஆபீஸ் சுவரில் ஒரு பலகை இருந்தது. அதில் வரிசையாகக் கொக்கிகள், கொக்கிக்கு ஒன்றாக நம்பர் அடித்த பித்தளை டோக்கன்கள். வேலைக்கு வருகிறவர் தன் டோக்கனை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போவார். காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதும். ஊதிய பத்தாம் நிமிடம் பலகையின் கதவை இழுத்துப் பூட்டுவேன். அப்போதும் கொக்கியில் தொங்குகிற டோக்கனுக்கு உரியவர் ஆப்சென்ட். அவருக்குப் பதிலாக, கேட்டுக்கு வெளியே காத்து நிற்கும் பதிலித் தொழிலாளி ஒருவரை உள்ளே அனுப்புவேன். ஒருவர் வராவிட்டால்தான் இன்னொருவருக்கு அன்றைக்கு வேலை.

அப்படி நின்றவர்களில் ஒருவர் லூர்துமேரி. ரீலிங்கில், அதாவது நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற பகுதியில், பதிலி. வருஷத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்த பதிலியைப் பர்மனென்ட் ஆக்குவது எங்கள் மில்லின் வழக்கம். ஒரு நாள் குறைந்தாலும் ஜனவரியில் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து. முந்தின வருஷம் அவர் இருநூற்று முப்பத்தொன்றில் நின்றுபோனார். ஆகவே, லீவு லெட்டர் எழுதியும் வாங்கியும் வாழ்நாளில் பாதியைக் கழித்த சக பாவிகளே, மற்றவர்கள் மட்டம் போட்ட கதைகளைப் படித்துச் சிரிக்கும்போது, கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்ததையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வகை

எங்கள் மில்லில் மட்டம் போடுவதற்குப் பெயர் பொந்தெங். இது சுத்தமான தருமபுரிச் சொல் என்று இன்றும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதியமான்கோட்டை டீக்கடையில் ஒரு தமிழாசிரியர், இது ‘பொந்து’ என்பதிலிருந்து பிறந்தது, எலி பொந்துக்குள் ஒளிவதுபோல் ஆள் ஒளிவதால் வந்தது என்று வடை ஆறும் வரை நிறுவினார். கன்னடம் என்று வாதிட்டவரும் உண்டு. உண்மையில் அது மலாய்ச் சொல். பள்ளிக்கூடத்துக்கோ வேலைக்கோ சொல்லாமல் போகாதிருப்பது என்று பொருள். மலேசியாவில் ஆங்கிலம் பேசுகிறவர்களும் அதை ஆங்கிலத்தோடு சேர்த்துப் பேசுவார்களாம்.

எங்களுக்கு அதைக் கொண்டுவந்தவர் ரீலிங் மேஸ்திரி கோவிந்தன். சின்ன வயதில் மலேயா போய், ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, வேலை பெர்மிட் தகராறில் ஊர் திரும்பியவர். கையோடு ஒரு கடிகாரம், ஒரு டிரங்குப் பெட்டி, வாக்கியத்தின் வாலில் ஒரு ‘லா’, இந்தச் சொல். ஏற்கெனவே லீவு இருக்கிறது, ஆப்சென்ட் இருக்கிறது, இது எதற்கு மூன்றாவதாக என்று கேட்டேன். கோவிந்தன் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “லீவுன்னா கேட்டுட்டுப் போறதுங்க. ஆப்சென்ட்டுன்னா நீங்க எழுதறதுங்க. பொந்தெங்குன்னா நாம மனசாரப் போறதுங்க சார் லா.”

தக்காளி ஜோசியம்

எங்கள் தொழிலாளர் பலருக்கும் அரை ஏக்கர், கால் ஏக்கர் என்று நிலம் இருந்தது. பாலக்கோட்டு மார்க்கெட்டில் தக்காளி விலை ஏறினால் மில் காலி. ஆஸ்துமா, அம்மை, மாமனார் மரணம் என்று காரணங்கள் வரும். எல்லா மாமனார்களும் அறுவடை பார்த்தே செத்தார்கள். அந்த நாட்களில் லூர்துமேரி சங்குக்கு முன்பே முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தயாராக நிற்பார். அவருக்குத் தக்காளிச் செடி ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் தக்காளி விலையை அவரைப்போல விசாரித்தவர் எவரும் இல்லை.

பாஷா பாய் என்றொரு தக்காளி வியாபாரி தினமும் ஆறேகாலுக்கு என் ஜன்னலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, இன்றைக்கு எத்தனை டோக்கன் தொங்குகிறது என்று கேட்டுவிட்டுப் போவார். யாரோ உறவினர் வேலை செய்கிறார் போலும், அக்கறையாக விசாரிக்கிறார் என்று ஆறு மாதம் நினைத்திருந்தேன். ஒருநாள் ஏன் என்றே கேட்டுவிட்டேன். “முப்பதுக்கு மேல தொங்குச்சுன்னா அத்தன பேரும் கூடையத் தூக்கிட்டு மார்க்கெட்டுக்கு வர்றாங்கன்னு அர்த்தங்க. பத்து மணிக்கு வெல தானா எறங்கிரும். நான் அப்பறமா வாங்கிக்குவேன். உங்க பலக பொய்யே சொல்லாதுங்க சார்.”

ஒகேனக்கல்லில் ஒரு சந்திப்பு

நானும் மனிதன்தான். ஒரு புதன்கிழமை, ஒரு காரணமும் இல்லாமல், உதவியாளரிடம் வயிற்றுக் கடுப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டு, பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போனேன். பாறைமேல் குப்புறப் படுத்து எண்ணெய் மசாஜுக்கு முதுகைக் கொடுத்தேன். பக்கத்துப் பாறையில் இன்னொரு உடம்பு, தலை முதல் கால் வரை எண்ணெய் மினுமினுக்கக் கிடந்தது. முகம் மறுபக்கம் திரும்பியிருந்தது. மணிக்கட்டில் கடிகாரம் கழற்றிய வெள்ளைத் தடம் மட்டும் எங்கோ பார்த்ததுபோல் இருந்தது.

உடம்பு திரும்பியது. கோவிந்தன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மசாஜ்காரர்கள் இருவரும் நிறுத்தாமல் தட்டிக்கொண்டிருந்ததால் எழுந்து ஓடவும் வழியில்லை. அவர்தான் முதலில் பேசினார். “சார், நீங்க இங்க இருக்கீங்கன்னா எங்களையெல்லாம் யாருங்க ஆப்சென்ட் போடறது?”

ஸ்டென்சில்

கோயம்புத்தூர் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு லேபர் ஆபீசர் வந்தார். இளைஞர், நல்லவர், எதையும் சுற்றறிக்கையாகவே சிந்திப்பவர். வந்த முதல் வாரம் மில் முழுக்க பொந்தெங், பொந்தெங் என்று காதில் விழ, அது நூல் தொழிலின் கலைச்சொல் என்று முடிவுகட்டிவிட்டார். மறுவாரமே ஆங்கிலத்தில் ஒரு சுற்றறிக்கை தயாரானது: கார்டிங் பகுதியில் பொந்தெங் அதிகரித்துவருகிறது, பொந்தெங் செய்வோர்மேல் நடவடிக்கை எடுக்கப்படும்.

நான் தடுத்தேன். இந்தச் சொல் மலாய், ஆங்கில அகராதியில் இல்லை, தலைமை அலுவலகத்தில் சிரிப்பார்கள் என்று விளக்கினேன். “இங்கே எல்லோருக்கும் புரியுதா?” என்றார் ஆபீசர். புரிகிறது என்றேன். “அப்புறம் என்ன?” என்றார். மலேசியாவிலும் அது ஆங்கிலத்துக்குள் நுழைந்தது இப்படித்தான் இருந்திருக்கும். கடைசி முயற்சியாக, நகலெடுப்பதற்கான மெழுகுத் தாளில் அதைத் தட்டிக்கொண்டிருந்த டைப்பிஸ்ட் விஜயாவிடம் போய், அந்த ஒரு சொல்லையாவது மாற்ற முடியுமா என்று கேட்டேன். விஜயா தலை நிமிராமல் சொன்னார்: “ஸ்டென்சில் வெட்டியாச்சுங்க சார். இனிமே அது இங்கிலீஷ்தான்.”

பாவசங்கீர்த்தனம்

ஒரு திங்கட்கிழமை, ரீலிங்கில் ஒரு டோக்கனும் தொங்கவில்லை. மற்ற பதிலிகள் கலைந்து போனபின் லூர்துமேரி ஜன்னல் பக்கம் வந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. அவர் வீட்டில் வெளி வேலைக்குப் போகிறவர் அவர் ஒருவர்தான் என்பதைக்கூட மற்றவர் சொல்லித்தான் அறிந்திருந்தேன். அன்றைக்கு அவராகவே சொன்னார். தினமும் காலையில் செபம் பண்ணும்போது, இன்றைக்கு ரீலிங்கில் யாராவது ஒருத்தர் வரக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறாராம். அது மனசை அறுத்ததால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில், செய்த பாவங்களைச் சாமியாரிடம் ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லியும்விட்டாராம்.

சாமியார் என்ன சொன்னார் என்று ஆவலாகக் கேட்டேன். எனக்கு இறையியலில் ஈடுபாடு உண்டு. இப்படியொரு சிக்கலை எந்த நூலிலும் பார்த்ததில்லை. லூர்துமேரி சொன்னார்: “‘ஆளுக்கு ஒண்ணும் ஆகாம, வேலைக்கு மட்டும் வராம இருக்கணும்னு வேண்டிக்கம்மா’ன்னாருங்க.”

தூக்குப்போசி

நவம்பர் முடிவில் லூர்துமேரியின் கணக்கு இருநூற்று இருபத்தெட்டு. இன்னும் பன்னிரண்டு நாள். வழக்கமான டிசம்பர் என்றால் அது நடந்துவிடும். டிசம்பர் பனிக்கு ஐந்து மணிக்கு எழுந்து வருகிறவர்கள் குறைவு. ஆனால் அந்த டிசம்பரில் ஆபீசர் இன்னொரு சுற்றறிக்கை விட்டார். மாதம் முழுக்க ஒரு நாளும் தவறாமல் வருகிற ஒவ்வொருவருக்கும், சாப்பாடு கொண்டுவர ஓர் எவர்சில்வர் தூக்குப்போசி. மாதிரிக்கு ஒன்றை டைம் ஆபீஸ் ஜன்னலிலேயே தொங்கவிட்டார்கள். வெயில் பட்டால் என் கண் கூசியது.

அதற்கப்புறம் மில்லில் யாருக்கும் நோயில்லை. எந்த மாமனாரும் சாகவில்லை. தக்காளியும் விலை விழுந்து கிடந்தது. ரீலிங் முதல் ஷிப்ட்டில் பன்னிரண்டு பெண்கள், டோக்கன் நாற்பத்தொன்று முதல் ஐம்பத்திரண்டு வரை. பன்னிரண்டு கொக்கியும் தினமும் ஆறு மணிக்கு முன்பே காலி. லூர்துமேரி தினமும் வந்தார், நின்றார், திரும்பிப் போனார். பதினைந்தாம் தேதி பூட்டிய பலகையை ஜன்னல் வழியே பார்த்துவிட்டுச் சொன்னார்: “எல்லாரும் நல்லாருக்கறாங்க சார். ஒருத்தருக்குத் தலவலிகூட இல்லீங்க.”

படிக்கட்டு

பதினேழாம் தேதி திங்கட்கிழமை நாற்பத்தொன்றாம் டோக்கன் தொங்கியது. லூர்துமேரி உள்ளே போனார். மறுநாள் நாற்பத்திரண்டு, வீட்டுக்கு விருந்தாளி. அடுத்த நாள் நாற்பத்து மூன்று, பல்வலி. தினம் ஒருவர், ஒருவர் மட்டும். ஞாயிறும் கிறிஸ்துமஸும் போக மாதம் முடிய மிச்சமிருந்தது சரியாகப் பன்னிரண்டு வேலை நாள் என்பதை அப்போதுதான் காலண்டரில் எண்ணிப் பார்த்தேன். பதின்மூன்று நாள் ஒழுங்காக வந்து பாதி தூக்குப்போசி சம்பாதித்துவிட்ட பன்னிரண்டு பேரும், ஆளுக்கு ஒரு நாள் பொந்தெங் போய் அதை விட்டுக்கொடுப்பதென்று தங்களுக்குள் முடிவு செய்திருந்தார்கள்.

எனக்கு ஆட்சேபமில்லை. வராதவரை வரவில்லை என்று எழுதுவதுதானே என் வேலை. ஆனால் ஆறாம் நாள் மஸ்டர் ரோலை, அதாவது வருகைப் பதிவேட்டை, பார்த்துத் திடுக்கிட்டேன். மஸ்டரில் பெயர்கள் டோக்கன் வரிசையில் மேலிருந்து கீழே. தேதிகள் இடமிருந்து வலமாக. ஆறு நாளில் ஆறு ஆப்சென்ட், அடி ஸ்கேல் வைத்ததுபோல் ஒரே சாய்கோடு. ஒரு படிக்கட்டு. மாதக் கடைசியில் இது ஆபீசர் மேஜைக்குப் போகும், அங்கிருந்து கோயம்புத்தூருக்கு. அங்கே யாராவது கூட்டுச் சதி என்று சொல்லிவிட்டால் லூர்துமேரியின் நாட்களைக் கணக்கில் சேர்க்கவே மாட்டார்கள்.

கோவிந்தனைக் கூப்பிட்டுக் காட்டினேன். “யாரு முன்ன, யாரு பின்னன்னு பொம்பளைங்களுக்குள்ள சண்ட வரக் கூடாதுன்னு நம்பர் பிரகாரம் போகச் சொன்னனுங்க. பொந்தெங்குன்னாலும் ஒரு நாயம் வேணுமில்லீங்களா” என்றார். நியாயம் கண்ணுக்குத் தெரிகிறது, உடனே வரிசையைக் கலையுங்கள் என்றேன். திங்கட்கிழமை ஐம்பத்திரண்டாம் டோக்கன் தொங்கியது. நிம்மதியாக இருந்தது. கிறிஸ்துமஸ் கழிந்து ஐம்பத்தொன்று. அதற்கடுத்து ஐம்பது. இறங்கும் படிக்கட்டுக்கு எதிரே ஓர் ஏறும் படிக்கட்டு மஸ்டரில் உருவாகிக்கொண்டிருந்தது. கோவிந்தன் ஜன்னலுக்கு வந்து ரகசியமாகச் சொன்னார்: “மாத்திட்டனுங்க சார். இப்ப கீழேருந்து மேல வர்றோம்.”

நாற்பத்தேழு

இந்தக் கணக்கின்படி முப்பத்தொன்றாம் தேதி வராமலிருக்க வேண்டியவர் நாற்பத்தேழாம் டோக்கன் முனியம்மா. அன்றைக்கு லூர்துமேரியின் கணக்கு இருநூற்று முப்பத்தொன்பது. ஐந்தே முக்காலுக்கு ஜன்னலில் ஒரு நிழல் தட்டியது. நிமிர்ந்தால் முனியம்மா, சாப்பாட்டுக் கூடையோடு. பதினொரு வருஷத்தில் ஒரு நாள்கூட வராமல் இருந்தறியாதவர். அவர் கை தானாக மேலே போய் டோக்கனைக் கொக்கியிலிருந்து எடுத்துவிட்டது. மற்ற பதினொரு பேரும் உள்ளே போகாமல் அப்படியே நின்றார்கள். லூர்துமேரி மரத்தடியில் நின்றார்.

“முனியம்மாக்கா, இன்னிக்கு ஒங்க மொறக்கா. வூட்டுக்குப் போங்க” என்றார் கோவிந்தன்.

“வூட்டுல அந்த மனுசன் ஒடம்புக்கு என்னான்னு கேக்கும். எனக்குப் பொய் சொல்ல வராது மேஸ்திரி.”

“அப்ப வேற எங்கனாச்சும் போங்கக்கா.”

“எங்கடா போறது? காத்தால ஆறு மணிக்கு இந்த எடத்தத் தவர வேற எடமே நான் பாத்ததில்லயே.”

சங்கு ஊதியது. டோக்கன் பெட்டியில் விழுந்துவிட்டால் அவர் வந்தவர். அதை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். லூர்துமேரி கேட்டருகே வந்து, “நீங்க உள்ள போங்கக்கா. நான் அடுத்த வருசம் பாத்துக்கறேன்” என்றார்.

“வாய மூடுடி” என்றார் முனியம்மா. “நான் போவ மாட்டேன்னா சொன்னேன்? எப்படிப் போறதுன்னு தெரியலன்னுதான சொல்றேன்.” டோக்கனைச் சேலை முனையால் ஒருமுறை துடைத்து, கொக்கியில் மாட்டினார். திரும்பிப் பார்க்காமல் நடந்து போய், லூர்துமேரி நின்றிருந்த அதே புங்கமரத்தடியில் உட்கார்ந்தார். ஆறு பத்துக்குப் பலகையைப் பூட்டினேன். “நாப்பத்தேழு ஆப்சென்ட். ரீலிங் பதிலி, லூர்துமேரி” என்று கூப்பிட்டபோது என் குரல் வழக்கத்தைவிடச் சத்தமாக இருந்ததாக வாட்ச்மேன் பின்னால் சொன்னார்.

வீட்டில் சந்தேகம் வரக் கூடாதென்று முனியம்மா ஷிப்ட் முடியும் வரை அங்கேயே இருந்தார். சாப்பாட்டு நேரத்துக்குச் சாப்பிட்டார். இரண்டு மணிச் சங்குக்கு எழுந்து, வெளியே வந்த பெண்களோடு பஸ்ஸுக்கு நடந்தார். ஜன்னலைக் கடக்கும்போது என்னிடம் சொன்னார்: “எட்டு மணி நேரம் சும்மா ஒக்காந்தா இடுப்பு செத்துப்போவுதுங்க சார். இதையா இந்த ஆம்பளைங்க ஆசையாப் பண்றாங்க?”

கையெழுத்து

ஜனவரி இரண்டாம் தேதி மஸ்டரை ஆபீசரிடம் கொண்டுபோனேன். ரீலிங் பக்கத்தில் அவர் விரல் நின்றது. ஒரு படிக்கட்டில் இறங்கியது, இன்னொன்றில் ஏறியது. பிறகு பதிலிப் பட்டியலைப் புரட்டி, லூர்துமேரிக்கு நேரே இருந்த இருநூற்று நாற்பதைப் பார்த்தது. “இது என்ன சார்?” என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். பொய்யில்லாத சொல் ஒன்றுதான் இருந்தது. “பொந்தெங், சார்” என்றேன்.

அவர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். எதிரே டைம் ஆபீஸ் ஜன்னலில் இன்னும் தொங்கிய தூக்குப்போசியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு மஸ்டரை என் பக்கம் தள்ளினார். “கோயம்புத்தூர்ல கேட்டாங்கன்னா, டிசம்பர்ல ஒரு காய்ச்சல் வந்துச்சு, அது நம்பர் பார்த்துப் பார்த்துப் பரவுச்சுன்னு சொல்லிடுங்க.”

வராதவர்களை எழுதியே காலம் தள்ளிய எனக்குத் தெரிந்தவரை, எந்தக் காரணமும் சொல்லாமல் வராமலிருப்பது சுலபம், நல்ல காரணத்துக்காக வராமலிருப்பதற்குத்தான் கொஞ்சம் ஒழுங்கீனம் தேவைப்படுகிறது.

லூர்துமேரிக்கு ஐம்பத்து மூன்றாம் டோக்கன் அடித்து வந்த வாரத்தில், மஸ்டர் ரோலில் இனிமேல் பெயர்களை டோக்கன் வரிசையில் எழுதாமல் அகர வரிசையில் எழுத வேண்டும் என்று ஆபீசரிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது.